படிந்ததை வெயில் சும்மா விடுவதில்லை: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் பாம்பனுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்றும் கேள்விகள் ஓயவில்லை. சுவர் ஏன் மாவாக உதிர்கிறது, நிறுத்தி வைத்த வண்டியின் டயர் ஏன் வெடிக்கிறது, ரோட்டோரத்தில் காயும் கருவாட்டை வாங்கலாமா என்று டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நிறுத்திக் கேட்கிறார்கள். தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: காற்றில் வந்த மாசு ஒரு பரப்பில் படிந்த பிறகு, அதன்மேல் வெயில் விழும்போது என்ன நடக்கிறது? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

படிந்த மாசு படிந்ததுதானே? அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். காற்றிலிருந்து இறங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று.

எங்கள் வீட்டுத் தெற்கு ஜன்னலில் பழைய கண்ணாடிப் பட்டைகள் இருக்கின்றன. ஒரு மாதம் துடைக்காமல் விட்டால் மேல்பக்கம் சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு படலம் ஏறிவிடும். விரலால் வழித்தால் விரலில் ஒட்டும், மணல்போல உதிராது. ஒருநாள் நாக்கில் வைத்தும் பார்த்தேன், உப்புக் கரித்தது. யாரும் இதைச் செய்ய வேண்டாம். அந்தப் படலத்தில் கடல் உப்பு இருக்கிறது, டீசல் புகையின் கரி இருக்கிறது, மண்தூசி இருக்கிறது, அடுப்படியிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் மாறி உண்டான நைட்ரேட் இருக்கிறது. இவற்றைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் ஒன்றும் எப்போதும் ஒட்டியிருக்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் இல்லாமல் போகாது. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிந்து கரையத் தொடங்கும். நம் கரையில் இரவில் அதைத் தாண்டாத நாள் குறைவு.

ஆக அது தூசி என்பதைவிட, கரைசலும் கரியும் கலந்த ஒரு குழம்பு. அதன்மேல் வெயில் விழுந்தால் படிந்திருந்த நைட்ரேட்டின் ஒரு பகுதி உடைந்து, நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் நைட்ரஸ் அமில ஆவியாகவும் மறுபடி காற்றுக்குப் போகிறது. நைட்ரேட் வெறும் தண்ணீரில் கரைந்திருந்தால் வெயிலில் மிக மெதுவாகவே உடையும். ஒரு பரப்பில் ஒட்டியிருந்தால் பல மடங்கு வேகமாக உடைவதைச் சோதனைக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கண்ணாடி மணிகளை வெட்டவெளியில் வைத்து, ஒரு பகுதியை வெயில் படும்படியும் மறு பகுதியை நிழலிலும் விட்டு அழுக்குச் சேரவிட்டார்கள். வெயில் பட்டதில் நைட்ரேட் சுமார் 10 சதவீதம் குறைவாக இருந்தது. கழுவப்படாமலே குறைந்த அந்தப் பங்கு வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது.

இதைச் செய்வது வெயிலின் சூடா, ஒளியா?

பெரும்பாலும் ஒளி. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கண்ணாடியைச் சுட்டாலும் இது நடக்காது. ஒளியில் நீலத்துக்கு அப்பால் இருக்கும் புற ஊதாப் பகுதிக்குத்தான் இந்தப் பிணைப்புகளை உடைக்கும் வலு. நைட்ரஜன் டை ஆக்சைடை உடைக்க ஏறக்குறைய 400 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும். 290-க்குக் கீழே உள்ளதை மேலே இருக்கும் ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. இடைப்பட்டது நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ராமேஸ்வரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒன்று ஏப்ரல் 14-ஐ ஒட்டி, அதாவது சித்திரை பிறக்கிற சமயம். மற்றொன்று ஆகஸ்ட் கடைசியில். வருடப் பிறப்பன்று நடுப்பகலில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

எங்கள் பக்கம் பெரிய தொழிற்சாலையே இல்லையே. மாசு எங்கிருந்து வருகிறது?

விசைப்படகு டீசல், ராமேஸ்வரம் போகிற வண்டிகள், குப்பை எரிப்பு, சீமைக்கருவேல் விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரி மூட்டம், செங்கல் சூளை. இவை உள்ளூர்ச் சரக்கு. வெளியூர்ச் சரக்கும் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கேயுள்ள சமவெளிகளின் புகை வங்கக் கடல் வழியாக இறங்கி வருகிறது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலின்மேல் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும், ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குருட்சனும் அதை முன்னின்று நடத்தினார்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில், நடுக்கடலில்கூடப் பழுப்பு மூட்டம் பரவியிருப்பதை அப்போது அளந்து காட்டினார்கள். நடுக்கடலையே எட்டிய புகை நம் தாழ்வாரத்தை விட்டுவிட்டா போகும்?

கரி மூட்டத்துப் புகை வெயிலில் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதியும் கொஞ்சம் வழுக்கலானது.

மூட்டம் போடும் இடத்துக்கு அருகே உள்ள வேப்பிலையைத் தடவினால் கையில் பழுப்பாக ஒட்டும். கரித்தூளோடு விறகிலிருந்து வந்த தார் போன்ற கரிமப் பொருள்களும் அதில் உண்டு. அதன்மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து மோதும்போது இருட்டிலும் ஒரு வினை நடந்து நைட்ரஸ் அமிலம் உண்டாகிறது. ஆனால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். கரியின் மேற்பரப்பில் வினைக்கு ஏற்ற இடங்கள் தீர்ந்துபோகும். அதனால் கரி பெரிய விஷயமில்லை என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு விளக்கைப் போட்டுச் சோதித்தபோது கணக்கு மாறியது. ஒளி படும்வரை வினை ஓயாமல் நடந்தது. 2006-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் மண்ணில் இருக்கும் மக்குப் பொருளான ஹியூமிக் அமிலத்திலும் இதையே காட்டினார்கள். அந்தப் பழுப்பு மூலக்கூறு ஒளியை வாங்கி, நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு எலக்ட்ரானைக் கைமாற்றிவிட, நைட்ரஸ் அமிலம் பிறக்கிறது.

இந்த நைட்ரஸ் அமில ஆவி நடுப்பகல் வெயிலில் கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். உடையும்போது ஹைட்ராக்சில் என்ற துண்டு வெளிப்படும். காற்றில் கலந்த பல மாசுகளைத் தின்று தீர்ப்பது ஹைட்ராக்சில்தான். தரைமட்டத்தில் மாசாகிவிடும் ஓசோன் உண்டாகும் சங்கிலியை ஓட வைப்பதும் அதேதான். பெருக்குகிற விளக்குமாறே புழுதியையும் கிளப்புகிற மாதிரி. எனவே சரியாகிவிடும் என்பதைவிட உரு மாறுகிறது என்பதே பொருத்தம்.

உப்புக்காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உப்பு மாசு இல்லையே.

நான் மிகவும் ரசித்துச் சொல்லும் பகுதி இது. கேட்பவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டேன்.

உப்பு மாசு இல்லைதான். ஆனால் மாசு வந்து சேர்ந்தால் அது சும்மா இருப்பதில்லை. பகலில் நைட்ரிக் அமில ஆவி உப்புத் துகளைத் தொட்டால், சோடியத்தோடு இருந்த குளோரினை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உப்பு சோடியம் நைட்ரேட்டாகிறது, ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாகப் போகிறது.

இரவில் நடப்பது இதைவிடச் சுவாரசியம். சூரியன் மறைந்ததும் நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து நைட்ரேட் ராடிக்கல் என்ற வினைத்துண்டை உண்டாக்குகின்றன; இது மேலே சொன்ன நைட்ரேட் உப்பு அல்ல. பகலில் அது சில நொடிகள்கூடத் தாங்காது, வெயில் உடைத்துவிடும். இரவில் பிழைத்துக்கொண்டு, இன்னொரு நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்து டை நைட்ரஜன் பென்டாக்சைடு ஆகிறது. அது ஈரமான உப்பின்மேல் விழுந்தால் நைட்ரைல் குளோரைடு என்ற வாயு கிளம்பும். விசைப்படகுகள் கரைதிரும்பும் நேரத்தில் டீசல் புகை தேங்கி, உப்பு ஈரம் கோத்திருக்கும் ஒரு மீன்பிடித் துறையை நினைத்துப் பாருங்கள். இதற்கு வேண்டிய சாமான்கள் அத்தனையும் அங்கே இருக்கின்றன.

அந்த வாயு விடியும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருக்கிறது. கிழக்கே வெளுத்ததும் ஒளி அதை இரண்டாக உடைக்கிறது: ஒரு பக்கம் நைட்ரஜன் டை ஆக்சைடு, மறு பக்கம் குளோரின் அணு. பல ஹைட்ரோகார்பன்களின்மேல் குளோரின் அணு பாய்கிற வேகத்துக்கு ஹைட்ராக்சில் ஈடுகொடுக்க முடியாது. காலை வெயில் ஏறுவதற்குள்ளேயே ஓசோனுக்கான முதல் வேலை தொடங்கிவிடுகிறது. கடல் உப்பில் இப்படி நடக்க முடியும் என்று 1989-இல் அமெரிக்காவின் பார்பரா ஃபின்லேசன்-பிட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். வெளிக்காற்றில் அந்த வாயுவை அளந்து வெளியிட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் டெக்சாஸ் கரையோரம், கப்பலில் போய்.

அப்படியானால் வாலிநோக்கம் உப்பளத்து உப்பு கெட்டுப்போகுமா?

போகாது. இது காற்றில் மிதக்கும் நுண்துகளின் மேற்பரப்பிலும் மெல்லிய படலத்திலும் நடக்கும் வேலை. பாத்தியில் டன் கணக்கில் கிடக்கும் உப்புக்கு இது உறைக்காது. உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் புரோமைடு கூடுதலாக இருக்கும், அதில்தான் வேதியியல்காரனுக்கு ஆசை. சாக்கடல் கரையில் உப்பிலிருந்து கிளம்பும் புரோமின் சேர்மங்கள் பகலில் தரைமட்ட ஓசோனையே தின்று தீர்ப்பதை 1990-களின் இறுதியில் அளந்திருக்கிறார்கள்.

வெளிச்சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை மாவு ஒட்டுகிறது. கலப்படப் பெயிண்டா?

இதில் நான் ஒருமுறை வகையாக மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும், “உப்புக் கசிவு” என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டேன். அவர் சுரண்டி எடுத்து வந்த மாவைத் தண்ணீரில் போட்டால் கரையவே இல்லை. உப்பாக இருந்தால் கரைந்திருக்க வேண்டும்.

அது பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருகிற டைட்டானியம் டை ஆக்சைடு. புற ஊதா ஒளி படும்போது அந்தத் துகளுக்குள் எலக்ட்ரான் துள்ளி எழுகிறது. அது ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துகளின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் போன்ற கடுமையான துண்டுகளை உண்டாக்குகிறது. அவை முதலில் அரிப்பது, துகளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருக்கும் பிசினைத்தான். புற ஊதா ஒளி நேரடியாகவும் பிசினைத் தாக்கும். பிசின் போனால் நிறத்தூள் பிடியில்லாமல் நிற்கும். நம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதனால்தான் நல்ல வெளிச்சுவர்ப் பெயிண்டுகளில் டைட்டானியத் துகளுக்குச் சிலிக்கா, அலுமினா மேலுறை போட்டு அடக்கி வைக்கிறார்கள். உள்சுவர்ப் பெயிண்டை மிச்சம் பிடிக்க வெளியில் அடித்தால் இரண்டு கோடைகூடத் தாங்காது. வெயிலும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிற நம் கரையில் உதிர்வு சீக்கிரமே தொடங்கும்.

சுண்ணாம்பு அடித்த சுவரின் கதை வேறு. அது தொட்டாலே ஒட்டும் சுபாவம் உடையது. ஆனால் காற்றின் நைட்ரிக் அமிலம் பட்டுச் சுண்ணாம்பு கால்சியம் நைட்ரேட் ஆகிவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக் கசியும். வெயில் அடிக்கிற நாளில்கூடத் திட்டுத் திட்டாக ஈரம் தெரிந்தால் அங்கே இத்தகைய உப்பு ஏதாவது இருக்க வாய்ப்பு உண்டு. பவளக்கல்லும் அடிப்படையில் இதே சுண்ணாம்புதான். தனுஷ்கோடி தேவாலயச் சிதிலம் கரைவதற்கு இதுதான் காரணமா என்று கேட்டால், இல்லை என்பேன். 1964 புயல் கூரையைப் பறித்தது. அதன் பிறகு கல்லின் துளைகளில் படிகமாகிற உப்பும் மணலை வாரி அடிக்கிற காற்றும் தின்கின்றன. எல்லாவற்றையும் ஒளிவினையின் தலையில் கட்டக் கூடாது.

மாசை உண்ணும் பெயிண்ட் என்று விற்கிறார்களே, அடிக்கலாமா?

மேலே சொன்ன அதே குணத்தை அடக்காமல் அவிழ்த்து விடுகிற சரக்கு அது. டைட்டானியம் டை ஆக்சைடின்மேல் ஒளி பட்டால் தண்ணீரைப் பிளக்கலாம் என்று ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் தானே சுத்தமாகும் கண்ணாடியும் சிமெண்டும். ரோமில் 2003-இல் திறந்த ஜூபிலி தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்கள் அப்படிப்பட்ட சிமெண்டில் செய்தவை. நைட்ரஜன் டை ஆக்சைடு அதன்மேல் நைட்ரேட்டாகிறது, மழை கழுவிவிடுகிறது என்பது கணக்கு.

சோதனைக்கூடத்தில் கணக்கு சரியாக வரும். தெருவில் காற்று அத்தனையும் சுவரை வந்து தொடுவதில்லை. 2016-இல் பிரிட்டன் அரசின் காற்றுத் தர நிபுணர் குழு ஆராய்ந்துவிட்டு, இதனால் நகரக் காற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரும் என்பதற்குச் சான்று போதாது என்றது. சில நிலைமைகளில் இதே பரப்பு நைட்ரஸ் அமிலத்தையும் வெளிவிடும். மேலே உப்பும் தூசியும் படிந்தால் வேலைத்திறனும் மங்கும், நம் ஊரில் படியாத நாள் ஏது? காசை மிச்சம் பிடியுங்கள்.

நிறுத்தி வைத்த வண்டியின் டயரில் ஏன் கோடு கோடாக வெடிப்பு?

ஓசோன். ரப்பர் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை அது கத்தரித்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்துக்கு வெயிலும் வண்டிப் புகையும் சேர்ந்து உண்டாக்கும் ஓசோனே காரணம் என்று 1950-களில் கண்டுபிடித்த ஆரி ஹாகன்-ஸ்மித், வளைத்து வைத்த ரப்பர் துண்டு எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்பதையே ஓர் அளவுகோலாக வைத்திருந்தார்.

நாங்கள் வகுப்பில் மூன்று ரப்பர் பேண்டு வைத்துப் பார்த்தோம். ஒன்றைத் தகர டப்பாவில் இழுத்து மாட்டி மொட்டைமாடியில் வைத்தோம். இன்னொன்றை அதே மாதிரி டப்பாவில் மாட்டி வராந்தா நிழலில் வைத்தோம். மூன்றாவதை இழுக்காமல் அதன் பக்கத்திலேயே போட்டோம். மாடியில் வைத்தது இரண்டு வாரத்துக்குள் அறுந்து விழுந்தது. நிழலில் இழுத்து மாட்டியதை லென்ஸ் வைத்துப் பார்த்தால், இழுத்த திசைக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்புகள். இழுக்காமல் கிடந்தது பழையபடி. மாடியில் வைத்ததன்மேல் சூடும் புற ஊதாவும் நேரடியாகக் கைவைத்தன என்பதால் அதை முழுக்க ஓசோன் கணக்கில் எழுதக் கூடாது. நிழலில் வெடித்த இரண்டாவதுதான் சாட்சி.

டயருக்குள் இதற்காகவே மெழுகு சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் அசைந்து மெழுகு மேலே வந்து பூசிக்கொள்ளும். ஓடாமல் நின்றால் அது வருவதில்லை. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் நிழலில் நிறுத்துங்கள்.

ரோட்டோரத்தில் காயும் கருவாட்டை வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. வெயில் கிருமியைக் கொல்லும் என்ற வாதம் இங்கே பாதிதான் செல்லும். சாளை போன்ற கொழுப்பு மீனில் வெயிலும் ஆக்சிஜனும் கொழுப்பைத் தாக்கி மஞ்சளாக்கிக் காறல் வாடை ஏற்றும். நெத்திலியில் அது குறைவு. ரோட்டோரம் என்றால் அதோடு வண்டிப் புகையின் கரியும் சேரும். கரியில் ஒட்டியிருக்கும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோய் தரக்கூடியவை. வெயில் அவற்றை உடைக்கும் என்பது சரி. ஆனால் கரித்துகளின் உள்ளே பதுங்கியவற்றுக்கு ஒளி எட்டாது; நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து அவற்றிலிருந்து உண்டாகும் நைட்ரோ சேர்மங்களில் சில மூலப்பொருளைவிடவும் மோசம். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, வலை போட்டு, ரோட்டை விட்டுத் தள்ளிக் காயவைத்த கருவாட்டுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

வீட்டுக்குள் இருந்தால் தப்பிக்கலாமா?

சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதாவின் கடுமையான பகுதியைத் தடுக்கும். 320 நானோமீட்டருக்கு மேற்பட்டதைப் பெரும்பாலும் உள்ளே விடும். நைட்ரஸ் அமிலத்தை உடைக்க அது போதும். கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடு சுவரிலும் பிசுக்கிலும் பட்டு நைட்ரஸ் அமிலம் உண்டாவதும் வீட்டுக்குள் நடக்கிறது. பிரான்சின் மார்செய் நகர வகுப்பறை ஒன்றில் வெயில் விழும் நேரத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக ஹைட்ராக்சில் இருந்ததாக 2013-இல் வெளியிட்டார்கள். பயப்பட வேண்டாம். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பாம்பன் பாலம் துருப்பிடித்ததும் வெயிலாலா?

முதல் குற்றவாளி உப்பும் ஈரமும். 1914-இல் திறந்த பழைய பாலம் காலமெல்லாம் அதோடு மல்லுக்கட்டியது. மேலே அடித்த பெயிண்டை நலியச் செய்து உப்புக்கு வழிவிடுவதில் வெயிலுக்குப் பங்கு உண்டு.

கடல்கூட ஒரு பரப்புதானே? அதன்மேல் எதுவும் நடக்காதா?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது. நான் பாடம் நடத்திய காலத்தில் வந்த நல்ல கேள்விகளில் ஒன்று. நடக்கிறது. ஓசோன் கடலின் மேல்மட்டத்தைத் தொடும்போது தண்ணீரில் இருக்கும் அயோடைடு அதைப் பிடித்துக்கொண்டு, அயோடினாகவும் ஹைப்போஅயோடஸ் அமிலமாகவும் மாறிக் காற்றுக்குக் கிளம்புகிறது. பகல் வெளிச்சத்தில் அயோடின் மூலக்கூறு சில நொடிகளில் அணுக்களாக உடையும். அந்த அணுக்கள் இன்னும் கொஞ்சம் ஓசோனைத் தின்னும். கரையிலிருந்து போகும் ஓசோனைக் கடல் இப்படி ஓரளவு அடக்கி வைக்கிறது.

ஜன்னலை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைப்பது?

வாடைக்காலத்தில் வாரம் ஒருமுறை, கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் இரண்டு முறை. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, பிறகு ஈரத்துணியால் வழியுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும், கீறலில் அடுத்த வாரத்து உப்பு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.